எழுநூறு வெள்ளி வைட்டமின் சி சீரம்: மங்குக்கு வாங்கலாமா?

கெப்போங்_அம்மா
ஞாயிறு, இரவு 9.12

வணக்கம் எல்லாருக்கும். ரெண்டாவது பிள்ளை பிறந்த பிறகு எனக்கு ரெண்டு கன்னத்திலயும் மங்கு விழுந்துடுச்சு. மாநிறம் நான். பிள்ளைக்கு ரெண்டு வயசு தாண்டிடுச்சு, பால் குடி மறந்தும் ரொம்ப நாளாச்சு, மங்கு மட்டும் போகவே இல்ல. நேத்து கோலாலம்பூர் மிட் வேலி மாலுக்குப் போயிருந்தப்போ ஒரு கவுண்டர்ல கூப்பிட்டு உக்கார வச்சு, புறங்கையில ரெண்டு சொட்டு வைட்டமின் சி சீரம் விட்டுத் தேய்ச்சுக் காட்டினாங்க. வெளிறின மஞ்சள் கலர், தண்ணியா ஓடுது, இரும்பைத் தொட்ட கையில வர்ற மாதிரி ஒரு வாசம். 30 மில்லி போத்தல். விலை 700 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல.

தீபாவளிக்குள்ள முகம் தெளிஞ்சிடும்னு அந்தப் பொண்ணு உறுதியா சொல்லிச்சு. போனஸ் வருது, வாங்கிக்கோன்னு வீட்டுக்காரர் சொல்றார். ஆனா 700 வெள்ளின்னா எங்க வீட்டுக்கு ஒரு மாச மளிகை. மனசு வரல.

வேலை ஆபிஸ்ல, ஜன்னல் பக்கத்து மேசை. சன்ஸ்கிரீன் வெளிய போனா மட்டும் போடுவேன். இந்த மாதிரி விலை கூடின சீரம் போட்டுப் பார்த்தவங்க யாராச்சும் இருந்தா உண்மையைச் சொல்லுங்க.

பாயான்லெப்பாஸ்_அக்கா
ஞாயிறு, இரவு 9.40

வேணாம் தங்கச்சி. நான் ஃபேக்டரியில ஷிஃப்ட் வேலை. ஜப்பான்காரன் மெலனோ சிசிங்கிற வைட்டமின் சி சீரம் ட்யூப் ஒண்ணு ஃபார்மசியில வாங்கிப் போடுறேன், 20 மில்லி. பரு வந்த இடத்துல கறுத்துப் போய் நின்னதெல்லாம் நல்லா மங்கிடுச்சு. ட்யூபோட வாய் சின்னதா இருக்கும், காத்து உள்ள போகாது, அதனால கடைசி வரைக்கும் கெடல. எனக்கு இருந்தது பருக்கறைதான், மங்கு இல்ல. அதையும் சொல்லிடுறேன்.

செபராங்_மருந்தாளர்
ஞாயிறு, இரவு 10.55

பட்டர்வொர்த் பக்கம் ஃபார்மசியில் மருந்தாளராக இருக்கிறேன். இந்தக் கேள்வி கவுண்டரில் அடிக்கடி வருவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வகைச் சீரத்துக்கெல்லாம் மூலம் ஸ்கின்சூட்டிக்கல்ஸ் கம்பெனியின் சி இ ஃபெருலிக். 15 விழுக்காடு எல்-அஸ்கார்பிக் அமிலம், அதாவது சுத்தமான வைட்டமின் சி. 1 விழுக்காடு வைட்டமின் இ. 0.5 விழுக்காடு ஃபெருலிக் அமிலம். இதற்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஷெல்டன் பின்னெலும் அவருடைய குழுவும் 2001இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வைட்டமின் சி தோலுக்குள் இறங்க வேண்டுமானால் கரைசலின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) 3.5க்குக் கீழே இருக்க வேண்டும்; 20 விழுக்காட்டுக்கு மேல் போட்டால் கூடுதலாக ஏறாது; ஏறியது பாதியாகக் குறைய ஏறக்குறைய 4 நாள் ஆகும். 2005இல் இன்னோர் ஆய்வு. ஃபெருலிக் அமிலம் சேர்த்தால் கரைசல் சீக்கிரம் கெடுவதில்லை, வெயில் பாதிப்புக்கு எதிரான காப்பும் 4 மடங்கிலிருந்து 8 மடங்காகிறது என்று காட்டினார்கள். கவுண்டரில் சொல்லும் "8 மடங்கு" இங்கிருந்து வந்ததுதான்.

இப்போது கவனியுங்கள். அந்த ரெண்டு ஆய்வும் பன்றித் தோலில் நடந்தவை. 2008இல் மனிதத் தோலிலும் பார்த்தார்கள், ஆனால் ஆட்கள் சிலர்தான். எல்லாவற்றையும் விட முக்கியம், அவர்கள் அளந்தது வெயில் பட்டுத் தோல் சிவப்பதையும் அணுக்கள் சேதமாவதையும். மங்கு கரைகிறதா என்று அந்த ஆய்வுகளில் யாரும் பார்க்கவில்லை. கன்னத்து மங்கு தீபாவளிக்குள் தெளியும் என்று சொல்ல அவற்றில் ஆதாரம் இல்லை.

மங்குக்கென்றே நடந்த சோதனை வேறு. 2004இல் வெளியானது. 16 பெண்கள், முகத்தின் ஒரு பாதியில் 5 விழுக்காடு வைட்டமின் சி, மறுபாதியில் தோலின் கருமையைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன் மருந்து 4 விழுக்காடு, 16 வாரம். ஹைட்ரோகுவினோன் பக்கம் நல்ல பலன் என்று சொன்னவர்கள் 93 விழுக்காடு. வைட்டமின் சி பக்கம் 62.5 விழுக்காடு. எரிச்சல் மட்டும் வைட்டமின் சி பக்கம் மிகக் குறைவு. அங்கே உதவியது வெறும் 5 விழுக்காடு. அதுவும் 16 வாரம் பொறுத்த பிறகு.

பங்சார்வாசி
திங்கள், காலை 7.30

நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ரொம்ப வருஷமா இந்தச் சீரத்தைத்தான் போடுறேன், மனசார வாங்குறேன். விலை குறைந்ததையும் போட்டுப் பார்த்தவள்தான். ஆன்லைன்ல வாங்கினது ஒண்ணு பெட்டியைத் திறக்கும்போதே ஆரஞ்சு கலரா இருந்தது. எந்த கோடவுன்ல எத்தனை நாள் கிடந்ததோ, எத்தனை லாரி மாறி வந்ததோ! நம்ம ஊர் சூட்டுல ஒரு மத்தியானம் வேன்ல வச்சாலே போதும்.

விலை கூடினதுல நான் காசு கொடுக்கிறது அந்த உறுதிக்குத்தான். ஒவ்வொரு போத்தலும் ஒரே மாதிரி இருக்கு. போட்ட உடனே தோல் இழுத்துக்குது, பிசுபிசுன்னு நிக்கல, மேல சன்ஸ்கிரீன் போட்டா திரிதிரியா உருளல. மற்றதுல இதெல்லாம் எனக்குக் கிடைக்கல. தினம் போடப் பிடிக்காத சீரம் எவ்வளவு மலிவா இருந்தா என்ன, அலமாரியிலதான் இருக்கும்.

கணக்கு_செந்தூல்
திங்கள், காலை 8.05

ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு. 30 மில்லி 600 சொட்டு. காலையில 5 சொட்டுன்னா 120 நாள் வரும். 700ஐ 120ஆல் வகுத்தா ஒரு நாளைக்கு 5 வெள்ளி 80 சென். வருஷத்துக்கு மூணு போத்தல், 2,100 வெள்ளி. ஒரு போத்தல் விலையா பார்க்காம, வருஷக் கணக்கா பாருங்க. மங்குக்கு இது ஒரு தடவை வாங்கி முடியற விஷயம் இல்லையே.

செபராங்_மருந்தாளர்
திங்கள், மதியம் 1.20

@பங்சார்வாசி சொன்ன கோடவுன் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. தண்ணீரில் கரைத்த வைட்டமின் சி காற்றும் சூடும் வெளிச்சமும் பட்டால் சிதையும். வெளிறிய மஞ்சள் ஆரஞ்சாகும், அப்புறம் பழுப்பு. அந்த நிலையில் வேலை செய்வது குறைந்துபோகும். சிதைந்து வரும் பொருள்களில் ஒன்று தோலிலேயே லேசாகப் பழுப்பு ஏற்றும், நகத்தைச் சுற்றி மஞ்சள் பிடிப்பது அதனால்தான். மங்குக்காகப் போடுகிறவருக்கு இது வேண்டாத வேலை.

ஆனால் 700 வெள்ளி போத்தலும் இதற்கு விதிவிலக்கு இல்லை. சொட்டு மூடியைத் தினமும் திறந்தால் அதற்கும் காற்று பட்டுக்கொண்டேதான் இருக்கும். சொட்டுக் கணக்கில் 120 நாள் வரும், ஆனால் திறந்த போத்தல் அது வரைக்கும் நிற்காது, குளியலறையில் வைத்தால் இன்னும் சீக்கிரம் கெடும். எதை வாங்கினாலும் திறந்த தேதியை போத்தல் அடியில் எழுதுங்கள், ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள், மூன்று மாதத்துக்குள் முடியுங்கள். வாரம் ஒருமுறை வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பழுப்புக் கண்ணாடியில் நிறம் தெரியாது, டிஷ்யூவில் தெரிந்துவிடும். முதலிலிருந்தே ஆரஞ்சாக வரும்படி எண்ணெயோ சாயமோ சேர்த்த சீரங்களும் உண்டு. அவற்றில் இந்தச் சோதனை செல்லாது, அதனாலேயே நான் அவற்றை யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை.

இன்னொரு செய்தி. அந்த 15, 1, 0.5 கலவைக்கான காப்புரிமை 2025 மார்ச் மாதம் முடிந்துவிட்டது. 2005இல் ஸ்கின்சூட்டிக்கல்ஸை வாங்கிய லோரியல், 2018இல் டிரங்க் எலிஃபன்ட் கம்பெனி மேல் இந்தக் காப்புரிமையை வைத்துத்தான் வழக்குப் போட்டது. அந்தத் தடை இப்போது இல்லை. அதே மூன்று பொருளை அதே அளவில் பிற கம்பெனிகளும் செய்யலாம். கலவைக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டிய காலம் போய்விட்டது. பங்சார் சகோதரி சொன்ன பிசுபிசுப்பில்லாத தன்மைக்கு வேண்டுமானால் கொடுக்கலாம், அது அவரவர் விருப்பம்.

@கெப்போங்_அம்மா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எடுக்கிறீர்களா?

மோட்டார்_தம்பி
திங்கள், மதியம் 2.45

அண்ணே, நடுவுல வர்றேன். நான் மோட்டார்ல டெலிவரி ஓடுறேன், செராஸ், புடு, அம்பாங் எல்லாம். ஹெல்மெட் மூடாத இடம் மட்டும் கறுத்து, மூக்கு மேல ஒரு கோடே விழுந்துடுச்சு. பொம்பளைங்க பேசுற இடத்துல கேக்கக் கூச்சமாத்தான் இருக்கு. எனக்கு இந்தச் சீரம் உதவுமா?

பாயான்லெப்பாஸ்_அக்கா
திங்கள், மாலை 5.10

கூச்சப்படாத தம்பி, வெயில் ஆம்பள பொம்பள பார்த்தா அடிக்குது? நல்லா கேளு.

செபராங்_மருந்தாளர்
திங்கள், மாலை 6.30

தம்பி, உங்களுக்குச் சீரம் வேண்டாம். நம் நாட்டில் மத்தியானம் வெயில் பளிச்சென்று இருந்தால் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணம். உலகச் சுகாதார நிறுவனம் "மிகக் கடுமை" என்று சொல்லும் அளவு அது. அந்த வெயிலில் அத்தனை மணி நேரம் ஓடுகிற முகத்துக்கு வைட்டமின் சி மட்டும் தடுப்பாகாது. வியர்வைக்கு நிற்கும் சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 50. ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டின் நீளத்துக்கும் பிழிந்து முகம் கழுத்தெல்லாம் போடுங்கள். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கடையில் ஆர்டருக்குக் காத்திருக்கும்போது முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள். முழு முகம் மூடும் ஹெல்மெட், புற ஊதாக் கதிர் தடுக்கும் கண்ணாடி. சீரத்துக்கு வைத்த காசை அதில் போடுங்கள்.

கெப்போங்_அம்மா
திங்கள், இரவு 9.25

சார், மாத்திரை எடுக்கிறேன். பால் நிறுத்தின பிறகு கிளினிக்ல எழுதிக் கொடுத்தாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா? கவுண்டர்ல யாரும் இதைக் கேக்கலயே!

செபராங்_மருந்தாளர்
திங்கள், இரவு 10.40

இருக்கிறது அம்மா. மங்கு வருவதற்கு வெயில், பரம்பரை, ஹார்மோன் மூன்றும் சேர்ந்து காரணம். கர்ப்ப காலத்தில் வருவது அதனால்தான். ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரை சிலருக்கு அதைப் போகவிடாமல் பிடித்து வைக்கும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அடுத்த முறை போகும்போது "முகத்தில் மங்கு போகவில்லை, வேறு முறைக்கு மாறலாமா" என்று டாக்டரிடம் கேளுங்கள். கருப்பைக்குள் வைக்கும், ஹார்மோன் இல்லாத காப்பர் ஐயுடி போன்ற வழிகள் இருக்கின்றன. உங்கள் உடம்புக்கு எது சரி என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

அடுத்தது ஜன்னல் பக்கத்து மேசை. புற ஊதாக் கதிரில் யுவிபி, யுவிஏ என்று ரெண்டு வகை; ஜன்னல் கண்ணாடி யுவிபியைத் தடுக்கும், யுவிஏவில் நிறைய உள்ளே வந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சம் எப்படியும் வரும். மாநிறம், கருநிறத் தோலில் அந்த வெளிச்சமும் மங்கைக் கூட்டும். வெள்ளைத் தோலில் இந்த விளைவு குறைவு. நிறமில்லாத சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன் தடுக்கும். 2014இல் மெக்சிகோவில் மங்கு உள்ளவர்களுக்கு ஹைட்ரோகுவினோன் கொடுத்து, ஒரு குழுவுக்குச் சாதாரண சன்ஸ்கிரீனும் மற்றக் குழுவுக்கு இரும்பு ஆக்சைடு சேர்ந்ததும் கொடுத்தார்கள். இரும்பு ஆக்சைடு குழுவுக்குத்தான் மங்கு கூடுதலாகக் குறைந்தது.

நீங்கள் வெளியே போகும்போது மட்டும் சன்ஸ்கிரீன் போட்டுக்கொண்டு 700 வெள்ளி சீரம் வாங்கினால், காலையில் சீரம் செய்ததை மேசையில் உட்கார்ந்திருக்கும் நேரம் அழித்துவிடும். எனக்கு இதுதான் வருத்தம். விற்கிறவர்கள் இதை முதலில் சொல்ல வேண்டும்.

கூலிம்_செல்வி
செவ்வாய், காலை 6.50

தோல் நிறத்துல இருக்கிற டின்டட் சன்ஸ்கிரீன்னு சொல்றீங்க, நம்ம கலருக்கு எங்க இருக்கு? கடையில வச்சிருக்கிற ஷேடெல்லாம் சீனப் பொண்ணுங்க கலருக்குத்தான். நான் போட்டா சாம்பல் பூசின மாதிரி ஆயிடுது. ரெண்டு ஷேடு வச்சுட்டு "எல்லா தோலுக்கும்"னு எழுதுறாங்க. கேட்டா ஸ்டாக் இல்லம்பாங்க.

பங்சார்வாசி
செவ்வாய், காலை 8.15

செல்வி சொல்றது ரொம்ப உண்மை, எனக்கும் அதே கோபம்தான். இப்போதைக்கு ஒரு வழி இருக்கு. நிறமில்லாத சன்ஸ்கிரீனை முழு அளவு போட்டு, காஞ்ச பிறகு மேல நம்ம கலருக்கு ஒத்த ஃபவுண்டேஷனோ காம்பாக்ட் பவுடரோ போடுங்க. அந்தக் கலர் வர்றதே இரும்பு ஆக்சைடுலதான், பெட்டிக்குப் பின்னால பட்டியல்ல இருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கம் நம்ம கடைகள்ல இந்தியாவிலிருந்து வர்ற காம்பாக்ட் கருநிற ஷேடுலயும் கிடைக்குது. வாங்குறதுக்கு முன்ன தாடையில தேய்ச்சு, வாசலுக்கு வந்து வெளிச்சத்துல பாருங்க. கடைக்குள்ள லைட்டுல எல்லாக் கலரும் ஒத்துப் போற மாதிரிதான் தெரியும்.

தெலுக்_பாங்லிமா
செவ்வாய், காலை 10.30

இவ்வளவு செலவு எதுக்கு? எங்க பக்கம் ஒருத்தங்க வாட்ஸ்அப்ல கிரீம் விக்கிறாங்க, சின்ன டப்பா 35 வெள்ளி. ரெண்டு வாரத்துல எங்க அண்ணி முகம் பளபளன்னு வெள்ளையாயிடுச்சு. இல்லாட்டி எலுமிச்சம்பழச் சாறுல இல்லாத வைட்டமின் சியா?

பாயான்லெப்பாஸ்_அக்கா
செவ்வாய், காலை 10.52

ஐயோ, அந்த டப்பாவை உடனே நிறுத்தச் சொல்லுங்க! எங்க சித்திக்கு இப்படித்தான் ஒருத்தங்க கொண்டு வந்து கொடுத்தாங்க. மேல லேபிள் கிடையாது, முத்து கலர்ல கிரீம். முதல்ல எல்லாரும் அழகா இருக்கேன்னு கேட்டாங்க. நிறுத்தினதும் முகம் செவசெவன்னு எரிஞ்சு, கன்னத்துத் தோல் மெலிஞ்சு, உள்ள நரம்பு சிவப்பு நூலா தெரிஞ்சது. அடுப்பு பக்கம் நிக்க முடியல. ஸ்டீராய்டு கலந்திருக்குன்னு டாக்டர் சொன்னாங்க. சரியாக ரொம்ப காலம் ஆச்சு. இன்னும் வெயில்ல போனா பொறுக்காது அவங்களுக்கு.

செபராங்_மருந்தாளர்
செவ்வாய், மதியம் 1.05

அக்கா சொன்னதை எல்லாரும் தயவுசெய்து படியுங்கள். ரெண்டு வாரத்தில் வெள்ளையாக்கும் கிரீம் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது பாதரசம், ஹைட்ரோகுவினோன், வைட்டமின் ஏ வகை மருந்தான ட்ரெட்டினோயின், ஸ்டீராய்டான பீட்டாமெதசோன். நம் நாட்டுத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், என்பிஆர்ஏ, இந்தப் பொருள்கள் கலந்திருந்த முகக் கிரீம்களின் பெயரைத் திரும்பத் திரும்ப அறிவித்து விற்பனையைத் தடுத்து வருகிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாய் முகத்தில் பூசினால் தூக்கி வைத்திருக்கும் பிள்ளைக்கும் போகும்.

சட்டப்படி விற்கும் அழகுசாதனப் பொருள் எதுவானாலும் என்பிஆர்ஏவிடம் அறிவித்திருக்க வேண்டும். அந்த எண் ஆங்கிலத்தில் என், ஓ, டி (NOT) என்று தொடங்கி, இலக்கங்கள் வந்து, கே (K) என்று முடியும். அவர்களுடைய குவெஸ்ட் 3 பிளஸ் பக்கத்தில் அந்த எண்ணையோ பொருளின் பெயரையோ போட்டுத் தேடலாம். எண் இருப்பதால் அந்தப் பொருள் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. பொறுப்பேற்க ஒரு கம்பெனி இருக்கிறது என்று அர்த்தம். 35 வெள்ளி டப்பாவுக்கும் 700 வெள்ளி போத்தலுக்கும் இதை ஒரே மாதிரி பாருங்கள்.

எலுமிச்சை வேண்டவே வேண்டாம். சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால் கொப்பளித்து, அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். மங்கு உள்ள முகத்தில் அதைத் தேய்ப்பது கூடாது.

கூலிம்_செல்வி
செவ்வாய், இரவு 8.20

அப்புறம் ஒண்ணு. வெள்ளையாகணும்னு யாரும் இங்க கேக்கல. கெப்போங் அம்மா கேட்டது கன்னத்துல விழுந்த கறை போகணும்னு. நம்ம நிறம் நல்ல நிறம். அதை மாத்தித் தர்றேன்னு சொல்ற எதையும் என் பொண்ணு கையில நான் கொடுக்க மாட்டேன்.

கெப்போங்_அம்மா
புதன், இரவு 9.50

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வீட்டுக்காரரையும் உக்கார வச்சுப் படிச்சுக் காட்டினேன். சீரம் இப்ப வாங்கல. கிளினிக்ல அடுத்த வாரம் தேதி வாங்கிட்டேன், மாத்திரை பத்திக் கேக்கப் போறேன். ஆபிஸ் மேசையிலயே ஒரு சன்ஸ்கிரீன் வச்சாச்சு, காம்பாக்ட் பார்க்க சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் போறோம். ஜப்பான் ட்யூப் ஒண்ணு வாங்கிப் போட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன். எதுக்கு அப்புறம் எதைப் போடணும்? மங்குக்கு வேற மருந்து டாக்டர்கிட்ட கேக்கணுமா?

பங்சார்வாசி
புதன், இரவு 10.10

நல்ல முடிவு. நான் இன்னும் என் போத்தலை விடப் போறதில்ல, எனக்கு அது ஒத்துப் போகுது. ஆனா உங்க நிலைமையில நானா இருந்தாலும் முதல்ல கிளினிக்குத்தான் போவேன்.

செபராங்_மருந்தாளர்
புதன், இரவு 11.00

காலையில் முகம் கழுவித் துடைத்து, ட்யூபிலிருந்து ரெண்டு மூன்று சொட்டு. அது காய்ந்ததும் சன்ஸ்கிரீன், அதற்கு மேல் காம்பாக்ட். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். எரிந்தால் நிறுத்துங்கள், எரிச்சலே நம் தோலில் புதுக் கறையாக நின்றுவிடும்.

டாக்டரிடம் அசெலாயிக் அமிலம் பற்றிக் கேளுங்கள். மங்குக்கு நன்றாகப் பழக்கத்தில் உள்ள மருந்து; மறுபடி பிள்ளை பெறும் எண்ணம் இருந்தாலும் பயமில்லாமல் போடலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஹைட்ரோகுவினோன் தேவைப்பட்டால் டாக்டர் பார்வையில், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். கடை கடையாகத் தேடி வாங்காதீர்கள். தீபாவளியைக் கணக்கில் வைக்க வேண்டாம், மூன்று நாலு மாதம் கொடுங்கள். இன்றைக்கே ஜன்னல் வெளிச்சத்தில் ரெண்டு கன்னத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், டாக்டருக்குக் காட்ட உதவும்.